பரிசலும் பரிசீலனையும்

அமைச்சர் மாதையனின் மேசைக்குப் பின்னால், சுவரில் ஒரு பரிசல் துடுப்பு தொங்கும். அது அங்கே வந்த கதையைக் கேளுங்கள்.

அப்போது அவர் ஆற்றுக்கு அக்கரையில் வெறும் ஊராட்சித் தலைவர். பிழைப்புக்குப் பரிசல் ஓட்டினார். பாலம் கேட்டு மனுப் போடும்போதெல்லாம் அமைச்சர் வரதப்பனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: பரிசீலனையில் இருக்கிறது.

தேர்தல் நெருங்கியது. வரதப்பன் வறண்ட ஆற்றில் நடந்தே அக்கரைக்கு வந்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் நீளமாகப் பேசினார். பேசி முடிப்பதற்குள் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. மாலையில் முதல்வர் கூட்டம். போகாவிட்டால் பதவி தங்காது.

"பரிசல் எங்கய்யா?" என்று பதறினார்.

பரிசல் அவர் எதிரிலேயே கவிழ்ந்து கிடந்தது. மாதையன் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பரிசீலனையில் இருக்குதுங்க."

"நான் கேட்டது பரிசல்."

"நாங்க கேட்டது பாலமுங்க."

பத்திரிகைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வரதப்பன் தண்ணீரைப் பார்த்தார், எல்லார் காதிலும் விழும்படி பாலத்துக்கு வாக்குக் கொடுத்தார். மாதையன் பரிசலை நிமிர்த்தி, அவர் வேட்டி நனையாமல் கொண்டுபோய் விட்டார்.

பாலம் வந்தது, துடுப்புக்கு வேலை போனது. அந்தப் பாலத்தின் வழியாகத்தான் மாதையன் சட்டசபைக்குப் போனார், பிறகு துடுப்போடு வரதப்பனின் அதே நாற்காலிக்கும்.

இன்றும் எந்த அதிகாரியாவது "பரிசீலனையில் இருக்குங்க சார்" என்றால் அவர் கோபப்படுவதில்லை. திரும்பித் துடுப்பை ஒரு பார்வை பார்ப்பார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?" என்பார்.