இரண்டரை லிட்டர் தண்ணீர்

வழக்கமாக இப்படி விடுகதை போடுகிற கதையில் ஒரு பரிசு இருக்கும். அதற்கு மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள். இந்தக் கதையில் மூன்று பேர் அடித்துக்கொண்டது ஒரு பழிக்காக. ஆளாளுக்கு ‘என்னால்தான்’ என்றார்கள். யார் சொன்னது சரி என்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

திருப்பூரில் பேச்சித்தாயின் புருஷன் சங்கரபாண்டி லாரியில் நூல் மூட்டை ஏற்றுகிறவன். ஒரு நாள் மூட்டை அடுக்கின் உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்தான். கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அன்றோடு கால்கள் போயின. கைகளைத் தூக்க முடியும், விரல்கள் மடங்காது. சிறுநீர் முட்டினாலும் தானாகச் சரிவர வெளியேறாது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து அனுப்பும்போது பெரிய டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். கெட்டிக்கார டாக்டர், அதில் சந்தேகமே வேண்டாம். தினம் இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாய் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும், தவறினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று அதில் இருந்தது. அதே நாளில் அதே காயத்தோடு ஒரு மில் முதலாளியும் அதே தாளை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

பேச்சித்தாய் குழாய் போடக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் திரும்ப இரவு எட்டரை ஆகும். இடையில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு மயில்சாமி இருந்தான். சாயப்பட்டறையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

“பன்னெண்டுக்கும் நாலுக்கும் நான் பாத்துக்கறனுங்க்கா. நீங்க தைரியமா வேலைக்குப் போங்க” என்றான்.

கூடப் பிறந்தவனே முகம் சுளிக்கிற வேலை அது. அவன் சுளிக்காமல் செய்தான். பேச்சித்தாய் தினமும் இரண்டு ஜக்குகளில் தண்ணீர் நிரப்பி, அவன் கைப்பிடிக்குள் மணிக்கட்டை நுழைத்துத் தூக்கத் தோதாகக் கட்டில் பக்கத்தில், சன்னல் ஓரமாக வைத்துவிட்டுப் போவாள். வரும்போது இரண்டும் காலியாக இருக்கும். சாப்பாட்டோடு இன்னும் ஒரு தம்ளர் நீட்டினால், “காலையில இருந்து குடிச்சு வயிறு பானையா இருக்கு பேச்சி” என்பான். அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.

பங்குனி வெயிலில் அந்த லைன் வீடுகளில் எல்லார் செடியும் கருகிப்போனது. இவள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே மட்டும் கீரை முழங்கால் உயரம் தளதளவென்று நின்றது. அவள் பறித்துக் கடைந்து அவனுக்கு ஊட்டினாள். “எம்புட்டு எளசு பாருங்க” என்றாள். அவன் இன்னொரு வாய் வாங்கிக்கொண்டான்.

ஆடி மாதம் அவனுக்கு உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர்க் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கல்லும் சீழும். ஒரு சிறுநீரகம் செத்துவிட்டது, மற்றதும் போகிற நிலைமை. தண்ணீர் குடித்தானா என்று டாக்டர் கேட்டதற்கு, “ஜக்கு ரெண்டும் காலியாத்தான் சார் இருக்கும்” என்று பேச்சித்தாய் அடித்துச் சொன்னாள்.

அப்போதுதான் சங்கரபாண்டி வாயைத் திறந்தான். தை மாதமே மயில்சாமிக்குப் பகல் வேலை போட்டுவிட்டார்கள். “ஷிப்டு மாத்திப்போட்டாங்கண்ணா, அக்காகிட்டச் சொல்லிர்றேன்” என்று வந்து நின்றவனை இவன்தான் தடுத்திருக்கிறான்.

“சொன்னா அவ வேலைய விட்ருவா தம்பி. அப்புறம் ரெண்டு பேரும் எதத் திங்க? சத்தியம் பண்ணு.”

மயில்சாமி சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு குழாய் போட ஆள் இல்லாமல் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்பதைச் சங்கரபாண்டி ஒரே பகலில் தெரிந்துகொண்டான். அடிவயிறு வீங்கி, தலை வெடிப்பதுபோல் வலித்து, கடைசியில் படுக்கை நனைந்தது. ஈரத்தில் கிடந்தால் முதுகில் புண் வரும். ஆகவே பகல் முழுக்க ஒரு சொட்டு குடிக்காமல், இரண்டு ஜக்கையும் சன்னல் வழியே சாய்த்துவிட்டான். ஆறு மாதம் இப்படியே போயிருக்கிறது.

“நான் அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணனுக்கு இப்படி ஆயிருக்காதுங்க” என்று மயில்சாமி தலையில் அடித்துக்கொண்டான். “கீரையைப் பறிச்சேனே, வெயில்ல மண்ணு ஏன் ஈரமா இருக்குன்னு ஒருநா யோசிக்கலையே பாவி” என்று பேச்சித்தாய் கதறினாள். “ஊத்துன கை என்னோடது. வேற யாரையும் சொல்லாதீக” என்றான் சங்கரபாண்டி. டாக்டருக்கு இதையெல்லாம் கேட்க நேரம் இல்லை. ‘நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவர் அந்த மில் முதலாளி. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஆண் நர்ஸ் வைத்திருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தோளில் தட்டி அனுப்பினார்கள்.

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் சொன்னது சரி? சங்கரபாண்டியின் சிறுநீரகம் யாரால் போயிற்று?

விடை: மூவர் சொன்னதும் தவறு. சத்தியத்தைக் காத்தவனையும், உழைக்கப் போனவளையும், அவள் வேலையைக் காப்பாற்றத் தாகத்தோடு கிடந்தவனையும் விட்டுவிடுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று தாளைக் கொடுத்தவர் கேட்கவே இல்லை. மயில்சாமி இருந்தவரைக்கும் அந்தத் தாள் சங்கரபாண்டிக்கு மருந்து. அவன் போன பிறகு குடித்தாலும் கேடு, குடிக்காவிட்டாலும் கேடு. முதலாளி காசு கொடுத்து வாங்கிய மருந்தின் பெயர் ஆள். அதை எந்த ஆஸ்பத்திரியும் சீட்டில் எழுதுவதில்லை. லாரிக்காரன் தரவில்லை, பனியன் கம்பெனி தரவில்லை, சர்க்கார் தரவில்லை. பழி இவர்கள் எல்லோருக்கும் சேரும், அதை ஏற்க இவர்களில் ஒருவரும் வரவில்லை. இந்த முறை பேச்சித்தாய்க்குப் புதிய தாள் கொடுத்திருக்கிறார்கள்: வாரத்தில் மூன்று பகல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டுமாம். யார் தூக்கிவருவது என்று இதற்கும் ஒருவரும் கேட்கவில்லை.