சாம்பார் வாளியும் அப்பளக் கூடையும்

மடத்தில் பந்தி பரிமாறுவது அனவரதத்தின் வேலை. அறுபதைத் தாண்டியவர். மடத்தின் குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரும் குருவைச் சாமி என்றார்கள்.

பார்க்கின்சன் நோய் வந்த பிறகு அனவரதத்தின் கால்கள் நடுவழியில் தரையோடு ஒட்டிக்கொண்டன. குருபூசைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று காரியஸ்தர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

சென்னையிலிருந்து தங்கை மகன் ஒரு டப்பா அனுப்பினான். டைரோசின் என்ற அமினோ அமிலப் பொடி. நடையை இயக்கும் டோபமின் மூளையில் ஊறும், கால் தானாக நடக்கும் என்றான். அனவரதம் அதைப் பாலில் கரைத்து, டாக்டர் கொடுத்த மாத்திரையையும் அந்தப் பாலிலேயே விழுங்கினார். சேர்ந்து போனால் இரட்டைப் பலம் என்று நினைத்தார்.

கால் முன்னைவிட மோசமானது.

"மருந்தைக் கூட்டினேன். நடை குறையுது. ஏன் சாமி?"

எதை எதோடு சாப்பிட்டார் என்று சாமி கேட்டுக்கொண்டார். உள்ளே போய் டாக்டருக்குப் போன் செய்தார்.

மதியம் அனவரதம் அரை வாளி சாம்பாரோடு சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய வாசல். அதே நேரம் அப்பளக் கூடையோடு சாமியும் அதில் நுழைந்தார். கூடை வாளியை இடித்தது.

"தள்ளுங்க சாமி. சாம்பார் போகணும்."

"அப்பளமும் போகணுமே."

"சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அப்பளம் பொறவு வரலாம். பந்தி தெரியாதவங்க கையில கூடையக் கொடுத்தது யாரு?"

சமையல்காரர் சிரித்துவிட்டார்.

சாமி நகரவில்லை. "காலையில பாலு, பொடி, மாத்திரை எல்லாத்தையும் ஒரே வாசல்ல அனுப்பினீங்களே."

அனவரதம் வாளியைக் கீழே வைத்தார்.

"டாக்டர் சொன்னாரா?"

"பொடியும் பாலும் வழியை அடைச்சுக்குதாம். மாத்திரை வெறும் தண்ணியில, சாப்பாட்டுக்கு முன்னாடி போகணுமாம். பொடி வேணுமா வேண்டாமான்னு உங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்னார். அதுவரைக்கும் டப்பா மூடியிருக்கட்டும்."

அன்று முதல் மாத்திரை தண்ணீரோடு போனது. கால் கொஞ்சம் இளகியது. இருந்தாலும் குருபூசையன்று அனவரதம் வாளியைத் தொடாமல் நின்றார்.

"நடுவுல நின்னுட்டா, எல்லாரும் பார்ப்பாங்க சாமி."

சாமி வழக்கமாக உட்காருவது வாசலை ஒட்டிய முதல் இலையில். அன்று அதைக் கடந்து நடந்தார்.

"எங்க போறீங்க? உங்க இலை இங்கதானே இருக்கு."

சாமி பந்தியின் கடைசியில் போய் அமர்ந்தார்.

"இங்க இருக்கேன், அனவரதம். வந்து சேருங்க. பசி இருக்கு. அவசரம் இல்லை."