புதுக் கார் நிறுத்த ஒரு நிழல்

கிரேன் லாரியின் இடதுபக்க ஊன்றுகால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. டிரான்ஸ்பார்மர் ஒரு சாண் எழும்பியதுமே வண்டி சாய்ந்தது. டிரைவர் பதறி அதைக் கீழே வைத்துவிட்டார்.

காண்டிராக்டர் தங்கதுரை கத்தினார். "தரை பாறையாட்டம் இருக்கு. உனக்குத்தான் கால் ஊன்றத் தெரியல. மறுபடி தூக்கு! தூக்காம ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாது."

மண் சுமக்கும் அம்மாள் ஒருத்தி அங்கே நின்றாள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு மத்தியான பஸ் ஒன்றுதான். கண்ணெல்லாம் ரோட்டில். ஆனால் கால் இறங்கிய இடம், மர நிழலில் நேற்று அவளே மூடிய குழாய்ப் பள்ளம். திமிசு போட்டு இறுக்கக் காண்டிராக்டர் ஆள் விடவில்லை. இனி கவிழ்ந்தால் டிரைவர் பிழைக்க மாட்டார்.

"மொதலாளி, உங்க புதுக் கார் வெயில்ல காயுது. கிரேன் காலை எடுத்துட்டு, அந்த எடத்துல நிழலா நிறுத்துங்களேன்."

"அங்கயா? நேத்து மூடுன மண்ணுடி. டயர் புதைஞ்சிரும்லா!"

சொன்ன பிறகுதான் வாயை மூடினார். டிரைவர் சிரித்துவிட்டார்.

"காரே புதையும்னா கிரேன் கால் என்ன செய்யும், மொதலாளி?" என்றாள் அவள்.

லாரியைக் கெட்டித் தரைக்கு நகர்த்தினார்கள். கால்களை முழுக்க விரித்து, அடியில் தடிப் பலகை கொடுத்தார்கள். பலகை சுமந்ததும் அவள்தான். நடுவில் பஸ் வந்து போயிற்று. அது வளைவில் மறையும்வரை தலைச்சுமையோடு பார்த்து நின்றாள்.

பேத்தி முகம் பார்த்தது மறுநாள்தான். டிரான்ஸ்பார்மர் அன்றே மேடையேறியது. ஏற்றிவைத்தவள் பேர் சண்முகவடிவு.