ஆவுடை வெட்டின வேட்டி

ஒரு ஊர்ல ஒரு ரேஷன் கடை, அந்தக் கடை வாசல்ல ஒரு நீள வரிசை, அந்த வரிசையில ஒரு ஆவுடையம்மா நின்னா. ம் கொட்டு. ம். அவளுக்கு முன்னால நின்ன மாடத்தி, பின்னால ஆவுடை நிக்கிறது தெரியாம, பக்கத்துக்காரிகிட்ட சொன்னா:

“நம்ம தெருவுல தையல் மெஷின் வச்சிருக்கவ ஆவுடை ஒருத்திதான். ஆனா அவ ரவிக்கைக் கழுத்தைப் பாத்தியா? விறைச்சுத் தூக்கி, ஊரையே முறைச்சிக்கிட்டு நிக்குது.”

ஆவுடை கை தன்னால கழுத்துக்குப் போச்சு. முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு, சீனி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிட்டா.

மாடத்தி ஒண்ணும் பொய் சொல்லல. மெஷின் வந்த நாள்லேருந்து ஆவுடைக்குக் கால் தரையில பாவல. கடகட கடகடன்னு மிதிச்சான்னா கூரையில உக்காந்த காக்கா பறந்துரும். தச்ச பாவாடை ஒரு பக்கம் ஏறியிருக்கும், ஒரு பக்கம் தொங்கும். ஏன்னு கேட்டா, துணியில குறையில்ல, உன் இடுப்புதான் கோணல்னு சொல்லுவா.

அப்போ அவ தம்பி பொண்டாட்டி பேச்சிக்குப் பிள்ளை பிறந்திருந்துச்சு. அந்தக் குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. பழைய துணியெல்லாம் ஒட்டுப் போட்டு தொட்டிலுக்கு ஒரு மெத்தை தைப்பாங்க. அதோட ஓரத்தைச் சுத்தித் தைக்கிற சுத்துப்பட்டி மட்டும், அப்பன் கல்யாணத்தன்னிக்குக் கட்டின வேட்டியிலதான் வெட்டணும். பேர் வைக்கிற அன்னிக்கு அத்தைக்காரி அந்த மெத்தையை விரிச்சு, தன் கையால பிள்ளையைப் போடணும். மெத்தை உருப்படியா இல்லேன்னா பேச்சியோட அம்மா கடை மெத்தையை விரிச்சுருவா. அப்புறம் அத்தை கூட்டத்தோட கூட்டமா நின்னு சுண்டல் வாங்கித் திங்க வேண்டியதுதான். அதுவும் மாடத்தி பாக்க.

ம்.

வேட்டியா, பெட்டியில எலி கடிச்சது போக ரெண்டு முழம்தான் மிச்சம். தொட்டிலோ பிரம்புத் தொட்டில், முட்டை மாதிரி வளைஞ்சது. மெத்தையும் அதே மாதிரிதான். பேச்சி பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே, மூலைவாக்குல வெட்டுங்க மதினின்னு மெதுவாச் சொன்னா.

ஆவுடைக்கு வந்துச்சே சிரிப்பு. “நேரா நெய்த துணியைக் கோணலா வெட்டணும்னா கோணப் புத்தி வேணும். அது உன்கிட்ட தாராளமா இருக்கு.”

“தொட்டில் நேராவா இருக்கு மதினி?”

ஆவுடை கத்தரிக்கோலைக் கையில எடுத்துட்டா.

முதல்ல, வேட்டியோட கரை நாலு பேருக்குத் தெரியணும்னு நீளவாக்குல வெட்டினா. கிர்ர்ர்னு கத்தரிக்கோல் ஓடுச்சு. கடகட கடகடன்னு மெத்தையைச் சுத்தித் தச்சா. கரைத்துணி வளையுமா? அது ஆவுடை மாதிரி, உடைஞ்சாலும் வளையாது. விறைச்சுக்கிட்டு இழுத்துச்சு. மெத்தை நாலு பக்கமும் குவிஞ்சு எழும்பிருச்சு. தம்பி எட்டிப் பாத்துட்டு, இது பிள்ளையைப் போடவா, கஞ்சி ஊத்தவான்னு கேட்டான். நூல் சரியில்லன்னு சொல்லிட்டா.

அதைப் பிரிச்சுட்டு, அப்புறம் அகலவாக்குல வெட்டினா. இது கொஞ்சம் இழுவை குடுத்துச்சு. விடுவாளா? வளைவுல பிடிச்சு இழு இழுன்னு இழுத்துத் தச்சா. தச்சு முடிச்சு கீழ வச்சா, ஓரமெல்லாம் பொரிச்ச அப்பளம். மொறுமொறுன்னு மடிப்பு. ஊசி சரியில்லன்னு சொன்னா. காத்து சரியில்லன்னு சொன்னா. மெஷினையே ஒரு தட்டு தட்டினா. பாவம், அது என்ன செய்யும்?

தூங்கிட்டியா? ம். இல்லியா, சரி.

இப்போ மிச்சம் ஒரே ஒரு சதுரத் துண்டு, தலைப்பாகைக்குக் கூடப் பத்தாது. அதையும் கெடுத்தா வேற வழி? இன்னொரு கல்யாண வேட்டி வேணும்னா தம்பிக்கு இன்னொரு கல்யாணம்தான் பண்ணணும்.

மறுநாள் காலையில பேர் வைக்கணும். ஆவுடை கதவைச் சாத்தினா, ஜன்னலையும் சாத்தினா. கோழி திருட வந்தவ மாதிரி இங்க ஒரு பார்வை, அங்க ஒரு பார்வை. துண்டை எடுத்து நீளவாக்குல இழுத்தா. ம்ஹூம். அகலவாக்குல இழுத்தா. கொஞ்சூண்டு. அப்புறம் ரெண்டு எதிர்மூலையைப் பிடிச்சு இழுத்தா. அது பாட்டுக்கு சவ்வு மாதிரி நீண்டுச்சு, விட்டதும் சுருங்குச்சு. ஆவுடை கொஞ்ச நேரம் அதையே இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்தா.

மூலைவாக்குல மடிச்சா. வெட்டினா. பட்டி பட்டியா ஒட்டுப் போட்டுச் சேத்தா. அன்னிக்கு மெஷின் கடகடன்னு கத்தல. டிக்… டிக்… டிக்… பட்டி வளைவுல பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்துக்கிச்சு.

காலையில ஊரே வந்துச்சு. பேச்சியோட அம்மா கடை மெத்தையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் தயாரா நின்னா. ஆவுடை தன் மெத்தையை விரிச்சா. மாடத்தி குனிஞ்சு, பெருவிரலால ஓரத்தை ஒரு சுத்துத் தடவினா. ஒரு மடிப்புக்கூடச் சிக்கல. அவளுக்கு அது பெரிய துக்கம்.

“பட்டி யாரு வெட்டினது?”

ஆவுடை பேச்சியைப் பாத்தா. பேச்சிதான் சொன்னா, “மதினிதான்.”

பேச்சியோட அம்மா கக்கத்துல இருந்ததைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. ஆவுடை பிள்ளையை வாங்கித் தொட்டில்ல போட்டா. அது கையைக் காலை உதறிட்டுத் தூங்கிருச்சு.

அப்புறம் எல்லாரும் சாப்பிட்டுப் போனாங்க. ஆவுடை வீட்டுக்குப் போயி புடவை மாத்தினா, கழட்டின ரவிக்கையை எடுத்தா, கழுத்துத் தையலைப் பட் பட்னு சுத்திப் பிரிச்சா. ரவிக்கையையும் கத்தரிக்கோலையும் தூக்கிட்டு வந்து, பேச்சி பக்கத்துல தரையில உக்காந்து, “இந்தக் கழுத்துக்கும் மூலைவாக்குலதானே?”ன்னு கேட்டா.

கதைக்கு ஓரம் தச்சாச்சு, நூலையும் கடிச்சாச்சு. கண்ணை மூடு.