அணிலும் யானைப் பழமும்

ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது, பிள்ளைகளே. வாலை விட அதற்கு வாய்தான் நீளம்! தன் மூன்று குட்டிகளுக்கும் மழைக்காலத்துக்கு வேண்டிய கொட்டைகளை ஓர் இலுப்பை மரப் பொந்தில் சேர்த்து வைத்திருந்தது. அது பறிபோனால் குட்டிகள் பட்டினிதான்.

பொந்துக்கு மரப்பட்டைக் கதவு. உள்ளே மரங்கொத்தி காவல். மகா கறார்ப் பேர்வழி! யார் தட்டினாலும் இரண்டு கேள்வி கேட்கும்: "முதன்முதலில் தின்ற பழம் எது? அம்மா வைத்த செல்லப் பெயர் என்ன?" பதில் சரியென்றால் கதவு திறக்கும். முகத்தைப் பார்க்கிற வழக்கமே அதற்குக் கிடையாது.

ஒருநாள் குரங்கு ஒன்று காதில் செம்பருத்தியைச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறியது.

"வாருங்கள், வாருங்கள்! போன பிறவியில் நீங்கள் யார்? இலவசமாகச் சொல்கிறேன்!"

அடேயப்பா, என்ன கூட்டம்! ஆமை போன பிறவியில் குதிரைப்படைத் தளபதியாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அணிலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எனக்கும் சொல், எனக்கும் சொல்!"

"முதன்முதலில் தின்ற பழம்?"

"நாவல்பழம்!"

"அம்மா வைத்த செல்லப் பெயர்?"

"சிரிக்கக் கூடாது... பொட்டுக்கடலை!"

"ஆகா! நீங்கள் மகாராணி!" என்று குரங்கு கும்பிட்டது. அணில் அன்று முழுக்க மகாராணி நடை நடந்தது.

மறுநாள் பொந்துக்குப் போனால், பாதிக் கொட்டையைக் காணோம்!

"யார் எடுத்தது?"

"நீதான்," என்றது மரங்கொத்தி. "காலையில் வந்தாயே! நாவல்பழம், பொட்டுக்கடலை, இரண்டும் சரி. குரல்தான் கொஞ்சம் கரகரப்பு. மீதியை நாளைக்கு எடுப்பதாகச் சொன்னாய்."

"ஐயோ! அது அந்தக் குரங்கு! என் வாயாலேயே நான் கெட்டேனே!" அணில் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தது.

"அண்ணே, என் பதில்களை மாற்றுங்கள். முதலில் தின்ற பழம், யானை."

"யானை ஒரு பழமா?"

"எனக்குப் பழம்தான்! செல்லப் பெயர், இடிமின்னல்."

"எல்லாம் பொய்யாக இருக்கிறதே!"

"உண்மையைத்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே. பொய்தான் பாக்கி இருக்கிறது."

மறுநாள் கதவு தட்டும் சத்தம். "முதன்முதலில் தின்ற பழம்?" என்றது மரங்கொத்தி.

"நாவல்பழம்!"

"தப்பு."

குரங்கு திகைத்தது. "அப்படியானால்... மாம்பழம்?"

"தப்பு."

"பலாப்பழம்?"

"மூன்று தப்பு!" கதவு இடுக்கில் அலகு நீண்டது. மூக்கில் ஒரே கொத்து! குரங்கு 'ஐயோ, அம்மா' என்று அலறிக்கொண்டு ஓடியது. மீதிக் கொட்டை பிழைத்தது. அரை வயிறானாலும் குட்டிகளுக்கு இனி மழைக்காலம் ஓடிவிடும்.

மேல்கிளையில் இருந்த அணிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏ முட்டாளே, யானை!" என்று கத்த வாய் துறுதுறுவென்றது. சட்டென்று தன் வாலையே வாய்க்குள் திணித்துக்கொண்டது.

நீதி: விளையாட்டுக்குக் கேட்டாலும், உன் கதவைத் திறக்கும் பதிலை யாரிடமும் சொல்லாதே.