பழுதான பாகம்

சுட்டதும் வெளியே பறக்கவேண்டிய காலித் தோட்டா, டி.எஸ்.பி. வேதநாயகத்தின் பிஸ்டலில் மட்டும் உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஆயுதக் கிடங்குக் காவலர் மாசானம் இரண்டு முறை பிரித்துப் பார்த்தும் குறை ஒன்றும் தெரியவில்லை.

“இன்னிக்குச் சரியாகலேன்னா உனக்கு சஸ்பென்ஷன்தான்யா!” என்றார் டி.எஸ்.பி., சுடுதளத்தில் எல்லோர் முன்னிலையிலும்.

“ஒரு தடவை சுட்டுக் காட்டுங்க ஐயா.”

அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்று மறுகையால் சுட்டார். மணிக்கட்டு துவண்டு, காலித் தோட்டாவை வெளியே தள்ளவேண்டிய பிஸ்டலின் உதை முழுவதும் கையோடு போயிற்று. தோட்டா சிக்கியது.

மாசானம் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இப்ப சுடுங்க ஐயா.”

அவர் ஐந்து முறை சுட்டார்; ஐந்து முறையும் காலித் தோட்டா துள்ளி வெளியே விழுந்தது.

“அப்போ எதுய்யா பழுது?”

“கண்டுபிடிச்சிட்டேன் ஐயா. ஆனா அந்தப் பாகத்தைக் கழற்ற எனக்கு அதிகாரம் இல்லீங்க.”