மீதமிருந்த ஆறு கேள்விகள்

ஒரு பெண்ணின் நன்மையை விரும்பிய மூன்று பேர் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்கு வெளியே, அறிவுவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான காப்பகம் ஒன்று. அங்கே இருபது வருடமாக இருந்தவள் கோமளவல்லி. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள், வயது நாற்பத்தெட்டு. பெற்றோர் இறந்துவிட்டார்கள். தம்பி தட்சிணாமூர்த்தி மட்டும் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, தன் கையால் அவளுக்கு இட்லி ஊட்டிவிட்டுப் போவான்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலரை ஐம்பதை ஒட்டிய வயதிலேயே மறதிநோய் பிடித்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இன்று என்ன கிழமை, நூறில் ஏழு போனால் எவ்வளவு என்றெல்லாம் கேட்டுப் பயனில்லை. அவை அவர்களுக்கு முன்பும் தெரியாது. ஒருவரை அவருடைய பழைய நிலையோடு மட்டுமே ஒப்பிட முடியும். அப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு ஒன்றைச் செய்துவந்தவர் டாக்டர் நஸீமா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, படங்களைக் காட்டி இருபது கேள்விகள் கேட்பார். மேஜையில் இரண்டு அட்டைகள் இருக்கும். பச்சையைத் தொட்டால் கேட்கலாம், சிவப்பைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

"நீங்க சிவப்பத் தொட்டா நான் கேக்க மாட்டேன். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்று முதல் நாளே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்று வருடம் கோமளவல்லி சிவப்பின் பக்கமே போனதில்லை. டாக்டர் வரும் நாளில் காலையிலேயே தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

நான்காம் வருடம் அவள் மாறினாள். குளிக்க மறுத்தாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "எல்லாம் அடம்" என்றார் காப்பக நிர்வாகி. தினம் ஒரு தூக்க மாத்திரை கொடுக்கச் சொன்னார். மாத்திரை மயக்கத்தில் அவள் இரண்டு முறை விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

அந்த முறை நஸீமா வந்தபோது அவள் வாசலில் இல்லை. பதினான்கு கேள்விகள் முடிந்தன. அடுத்த படத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, சிவப்பு அட்டையைத் தொட்டாள். நஸீமா படங்களை மூடி வைத்தார்.

"இன்னும் ஆறுதானே மேடம். முடிச்சுட்டா இது நோய்னு நீங்க எழுதிக் குடுக்கலாம். மாத்திரைய நிறுத்திடுவாங்க" என்றான் தட்சிணாமூர்த்தி.

"அவங்க போதும்னுட்டாங்க சார்."

"அவளுக்கு என்ன மேடம் தெரியும்?"

"போதும்னு தெரியுது" என்றார் நஸீமா.

பராமரிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தனியே இருந்தன. பன்னிரண்டு வருடமாகக் கோமளவல்லியைக் குளிப்பாட்டிச் சோறு போட்டவள் ரெஜினா. கழிப்பறைக்குப் போகும் வழியே அவளுக்கு மறந்துபோனது ரெஜினாவுக்குத் தெரியும். ஆனால் மறதிநோய் என்று உறுதியானவர்களைக் காப்பகத்தில் வைத்துக்கொள்வதில்லை; தஞ்சாவூரில் ஒரு நோயாளிகள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பழக்கமில்லாத இடத்தில், முகம் தெரியாதவர்கள் நடுவே அவள் தாங்க மாட்டாள் என்று ரெஜினா நினைத்தாள். எல்லாக் கேள்விக்கும் "மாற்றம் இல்லை" என்றாள்.

பாதியில் நின்ற சோதனையையும் ரெஜினாவின் பதில்களையும் வைத்து ஒன்றும் எழுத முடியாது என்று நஸீமா கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தட்சிணாமூர்த்தி வந்தான். ஒவ்வொரு முறையும் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் என்பதால் கேள்விகள் அவனுக்கு மனப்பாடம். அதே மாதிரிப் படங்களை மேஜையில் பரப்பி, போனை வீடியோ எடுக்கும்படி சாய்த்து வைத்தான். அவள் எழுந்து போகாதபடி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மீதி ஆறையும் கேட்டான். அவள் கத்தினாள், அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் விடவில்லை. அந்த வீடியோவை நஸீமாவுக்கு அனுப்பினான்.

நஸீமா அதை ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக்க முடியவில்லை. மறதிநோய் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். மாத்திரை நின்றது. அதன் பிறகு கோமளவல்லி விழவில்லை. ரெஜினா பயந்தபடியே அவளைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே எட்டு மாதம் உயிரோடு இருந்தாள். தம்பியைக் கண்டால் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொள்வாள். அவன் கொண்டுபோன இட்லியை நர்ஸ் ஊட்டுவாள்; அவன் கதவுக்கு வெளியே நிற்பான். கடைசிவரை அப்படித்தான்.

வாக்கைக் காப்பாற்றி நிறுத்திய நஸீமா, அவளை அனுப்பிவிடக் கூடாதென்று பொய் சொன்ன ரெஜினா, கையைப் பிடித்துக் கேட்ட தட்சிணாமூர்த்தி. இந்த மூவரில் கோமளவல்லிக்கு நியாயம் செய்தவர் யார்?

என் பதில் இது. நஸீமா நிறுத்தியது சரி, நிறுத்திவிட்டுக் கிளம்பியது தவறு. மூன்று வருடம் ஆசையாகப் பதில் சொன்னவள் அழுது மறுக்கிறாள் என்றால், அவளுடைய பழைய நிலையோடு ஒப்பிட அதைவிட வேறென்ன வேண்டும்? அதையே எழுதியிருக்கலாம். ரெஜினாவைத் தனியே உட்காரவைத்து, எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்டிருக்கலாம். நஸீமா விட்டுப்போன இடத்தில்தான் மற்ற இருவரும் தவறினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த நஸீமாவே இதைத் தட்சிணாமூர்த்தியிடம் சொன்னார்.

"அப்ப அந்த ஆறையும் நான் கேட்டே இருக்க வேணாமா மேடம்?" என்றான்.

"வேண்டாம்" என்றார் நஸீமா.